இழுக்காதேங்கோ!

கொடிகாமத்தில் இருந்து பெயர் போடாமல் வந்த ஒரு கடிதத்துக்கு இந்தக் கிழமை பதில் எழுதுவேன் என்று போன கிழமை ஒரு வரி போட்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்து குவிந்த கடிதங்களில் ஒன்றில்கூட முகவரி இல்லை. ஆகவே இந்த முறை முழுக்க அந்த ஒரே விசயம்தான். தேர்தல், தேங்காய் விலை பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு அடுத்த கிழமையும் என்னிடம் விடை இருக்கப்போவதில்லை.

வயது 23. எனக்கு முன்தோல் பின்னுக்குப் போகாது. தை மாதம் கலியாணம். இது வருத்தமா, குறைபாடா? ஒருவரிடமும் வாய் திறக்க முடியவில்லை.
– பெயர் வேண்டாம், கொடிகாமம்

தம்பி, முதலில் மூச்சை விடுங்கள். கொடிகாமம் சந்தையில் சனம் கூடின நாளில் உங்களைப்போல இன்னும் சிலர் மரக்கறி பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். ஊரிலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று அவர்களும் நினைத்துக்கொண்டு நிற்பார்கள். டொக்டர்மார் இதைப் பைமோசிஸ் என்பார்கள். முன்தோலின் வாய் இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இறுக்கம் எப்படிப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தோல் மெதுமையாக, நிறம் மாறாமல் இருந்தால் அநேகமாகச் சிறுவயதில் இருந்து தளராமல் நின்றுவிட்ட இறுக்கம். வாயைச் சுற்றி வெள்ளையாகத் தடித்துத் தழும்பு கட்டியிருந்தால் அது வேறு கதை. கீழே நாவற்குழி ஐயாவுக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் வகைக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது, கிறீம் போதும்.

பீற்றாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கிறீமை, வழக்கமாக 0.05% அளவில், டொக்டர் எழுதித் தருவார். சூட்சுமம் பூசுகிற விதத்தில் இருக்கிறது. பலர் வெளித்தோலில் அப்பிவிட்டு “மருந்து வேலை செய்யேல்லை” என்று திரும்பி வருவார்கள். கையைக் கழுவிக்கொண்டு, தோலை நோகாத அளவுக்குப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் நிற்கும். நிற்கிற இடத்தில் இறுகின வளையம் தெரியும். விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்து அந்த வளையத்தைச் சுற்றி மெல்லிசாகப் பூசுங்கள். காலையும் இரவும், நாலு தொடக்கம் எட்டுக் கிழமை. முதல் ஒன்றிரண்டு கிழமை பூச்சு மட்டும். தோல் இளகத் தொடங்கினதும் குளிக்கும்போது சில நிமிடம் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துவிடுங்கள். இழுபடுவது தெரியலாம், நோகக் கூடாது. இரத்தம் கண்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த வெடிப்பு ஆறும்போது தழும்பாகி, முந்தியதைவிட இறுகும். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் தோலை முன்னுக்குக் கொண்டுவந்து விடவேண்டும். இதை மறந்தால் என்ன நடக்கும் என்று கீழே மிருசுவில் தம்பியைக் கேளுங்கள்.

சிறுவர்களில் செய்த ஆய்வுகளில் பத்துப் பேரில் ஏழு, எட்டுப் பேருக்காவது இது பலன் கொடுத்திருக்கிறது. உங்கள் வயதில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். பார்மசியில் நிறம் வெளுக்க விற்கிற கலவைக் கிறீம் ஏதாவது வாங்கி மாதக்கணக்கில் பூசவேண்டாம். ஸ்டீரொயிட் அளவு மீறினால் தோல் மெலிந்துபோகும்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கிறீம் சரிவராவிட்டாலும் சத்திரசிகிச்சை செய்து ஆறுவதற்கும் நேரம் போதும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டின கையோடு இதையும் பாருங்கள்.

நீங்கள் சொல்வீர்கள், போவது யார்? சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதிப் பேர் எங்கட சொந்தக்காரர்.
– அதே ஆள், அதே கொடிகாமம்

சொந்தக்காரர் இல்லாத ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் நோர்வேக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் நிச்சயம் இல்லை. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் துண்டு எடுக்கிற இடத்தில் வரலாறு சொல்லத் தேவையில்லை. “சலம் போறதிலை ஒரு பிரச்சினை” என்றால் போதும். மிச்சத்தை உள்ளே டொக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

வெளிநோயாளர் பிரிவில் இருந்த காலத்தில் நான் கண்ட ஒரு வழக்கம்: தலையிடி என்று வருவார்கள். பிறஷர் பார்த்து, குளிசை எழுதி, துண்டைக் கையில் கொடுத்தால் எழும்பி வாசல் வரைக்கும் போவார்கள். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி, “டொக்டர், இன்னொரு சின்ன விசயம்…” அந்தச் சின்ன விசயம்தான் அவர் வந்த காரணம். நீங்கள் வாசல் வரைக்கும் போகாமல் கதிரையில் இருந்தே சொல்லிவிடுங்கள். பின்னுக்கு வரிசையில் நிற்பவர்கள் வாழ்த்துவார்கள்.

மகனுக்கு மூன்று வயது. குளிக்க வார்க்கும்போது அம்மம்மா ஒவ்வொரு நாளும் தோலைப் பின்னுக்கு இழுத்துக் கழுவுகிறா. பிள்ளை வீடு அதிரக் கத்துகிறான். சலம் போகும்போது நுனி ஊதுகிறது. வெட்டவேண்டி வருமா?
– ஒரு தாய், மீசாலை

வெட்டவேண்டியது அம்மம்மாவின் அந்த வேலையைத்தான். பிறந்த ஆண்பிள்ளைக்கு முன்தோல் உள்ளே மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது நோயல்ல, படைப்பு. கேம்பிரிட்ஜில் இருந்த டக்ளஸ் கெய்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் 1949இல் இதை எண்ணிப் பார்த்து எழுதினார். பிறந்தவுடன் தோல் பின்னுக்குப் போகிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலு பேர்தான். பிள்ளை வளர வளரத் தோல் தானாகவே கழன்றுகொள்ளும். சிலருக்கு மூன்று வயதில், சிலருக்குப் பத்து வயதில், சிலருக்கு மீசை அரும்பும்போது. பிரித்தானியாவில் அந்தக் காலம் இறுக்கம் என்று சொல்லிச் சொல்லி வெட்டினார்கள். அதில் வருசாவருசம் பிள்ளைகள் இறந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அங்கே வெட்டுவது வெகுவாகக் குறைந்தது.

தென்மராட்சிக்காரருக்குப் பலாவை வைத்துச் சொன்னால் விளங்கும். முற்றாத காயைப் பிளந்தால் சுளை வராது, பால்தான் கையில் ஒட்டும். ஒட்டியிருக்கிற தோலைப் பலவந்தமாக உரித்தால் உள்ளே புண்ணாகும், புண் ஆறித் தழும்பாகும், இல்லாத வருத்தம் அப்போதுதான் வரும்.

நுனி ஊதுவதைக் கண்டு பயப்படாதீர்கள். ஒட்டு கழன்றுவருகிற காலத்தில் அப்படி ஊதும், பிறகு நின்றுவிடும். தோலுக்கு அடியில் வெள்ளையாகச் சின்னக் கட்டி மாதிரித் தெரிந்தால் அது சீழ் அல்ல, உதிர்ந்த தோல் அழுக்கு. வழி கிடைத்ததும் தானாக வெளியே வரும். வெளிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சவர்க்காரம் போடவேண்டாம்.

நுனி சிவந்து வீங்கினாலும், காய்ச்சலோடு சலக்கடுப்பு வந்தாலும், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலும் டொக்டரிடம் காட்டுங்கள். மற்றும்படி அந்தத் தோலை முதன்முதலாகப் பின்னுக்குக் கொண்டுபோகவேண்டியவன் உங்கள் மகன்தான், அவனுடைய கையால், அவனுக்கு ஏலுமான வயதில். அம்மம்மாவுக்கு இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பநல உத்தியோகத்தரைக் கொண்டு சொல்விக்கவும்.

இங்கே டொக்டர் “பொறு” என்கிறார். கொடிகாமத்தில் இருந்து அம்மா வட்ஸ்அப்பில் “காட்டி வெட்டு” என்கிறா. பிள்ளைக்கு ஏழு வயது. யார் சொல்வதைக் கேட்க?
– டென்மார்க் வாசகர்

நீங்கள் இருக்கிற நாட்டுப் பெடியளே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். யாக்கொப் ஊஸ்டர் என்ற டெனிஷ் மருத்துவர் ஆறு வயது முதல் பதினேழு வயது வரையான ஏறத்தாழ 2000 பள்ளிக்கூடப் பெடியளை வருடக்கணக்காகப் பார்த்து 1968இல் எழுதினார். ஆறேழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத் தோல் இறுக்கம். பதினாறு பதினேழில் நூற்றுக்கு ஒருவர். மிச்ச ஏழு பேரையும் கத்தி பார்க்கவில்லை, காலம்தான் பார்த்தது. அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பி “சரி அம்மா” என்று சொல்லிவிட்டு, டொக்டர் சொன்னதைச் செய்யுங்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிய வித்தையா என்ன?

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் பூசினால் விடாதா?
– கச்சாய்

வழுக்கும். விரியாது.

ஆசையில் பின்னுக்கு இழுத்துவிட்டேன். இப்போது முன்னுக்கு வரவில்லை. நுனி வீங்கிவிட்டது. என்ன செய்யலாம்?
– சொல்லமாட்டேன், மிருசுவில்

தம்பி, இதைக் கடிதமாக எழுதித் தபாலில் போட்டிருக்கிறீர்கள்! எங்கள் தபால் வந்து சேர்ந்து, நான் பதில் எழுதி, அது அச்சாகி… இதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பக்கத்தில் அவசரம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றவர்களும் கவனமாக வாசியுங்கள்.

பின்னுக்குப் போன இறுக்கமான வளையம் மொட்டுக்குக் கீழே கழுத்தை நெரிக்கும். இரத்தம் உள்ளே போகும், திரும்பி வராது, வீங்கும். வீங்க வீங்க இன்னும் இறுகும். அப்படியே விட்டால் சதை செத்துப்போகவும் கூடும். செய்யவேண்டியது: இருந்துகொண்டு, வீங்கின இடத்தைக் கையால் பொத்திப் பிடித்து, விடாமல் அமத்திக்கொண்டிருங்கள், ஐந்து பத்து நிமிடம். வீக்கம் வற்றினதும் இரண்டு கைவிரல்களாலும் தோலை முன்னுக்குக் கொண்டுவந்து, பெருவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளுங்கள். துணியில் சுற்றின ஐஸ் உதவும், வெறும் ஐஸ் வைக்கவேண்டாம். வரவில்லையென்றால் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மினக்கெடாமல் உடனே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையா? 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. அங்கே மரக்கப்பண்ணுகிற ஊசி போட்டுச் சரிசெய்வார்கள். வீக்கத்தில் இருக்கிற நீரை உறிஞ்சி எடுக்கச் சில இடங்களில் வீக்கத்தின் மேல் சீனி தூவுகிற வழக்கமும் உண்டு. ஆனால் சீனிப் போத்தலைத் தேடி நேரத்தைப் போக்கவேண்டாம்.

ஒரு பக்கக் கதை. இந்தச் சிக்கல் வாலிபர்களுக்கு மட்டும் வருவதல்ல. சலக்குழாய் போட்ட வயதான ஐயாமாருக்கும் வரும். குழாய் போடும்போது பின்னுக்கு இழுத்த தோலைத் திரும்ப முன்னுக்கு விட மறந்துபோவார்கள். வீட்டில் படுக்கையில் தகப்பனைப் பராமரிக்கிற பிள்ளைகள் கழுவித் துடைத்த பிறகு இதை ஒருக்கால் பாருங்கள்.

வயது 58. இவ்வளவு காலமும் ஒரு கரைச்சலும் இல்லை. ஆறு மாதமாகத் தோல் இறுகி, வெடித்து, கடிக்கிறது. இந்த வயதில் ஏன்?
– நாவற்குழி

ஐயா, கடைசியாகச் சீனி பார்த்தது எப்போது? நடு வயதில் புதிதாக முன்தோல் இறுகினால் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டியது சலரோகத்தைத்தான். சலத்தில் சீனி போனால் பங்கசுக்குக் கொண்டாட்டம். புண் வரும், வெடிக்கும், ஆறும், இறுகும், திரும்ப வெடிக்கும். சிலருக்குச் சலரோகம் இருப்பதையே இந்தத் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஏற்கனவே சலரோகத்துக்கு எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அவை சீனியைச் சலத்தால் வெளியேற்றுகிற மருந்துகள், இந்தப் பங்கஸ் புண்ணும் கூடவே வரலாம். நல்ல மருந்துகள்தான், நீங்களாக நிறுத்திவிடவேண்டாம்.

இரண்டாவது சந்தேகம், மேலே கொடிகாமத் தம்பிக்குச் சொன்ன வெள்ளைத் தழும்பு. லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்று பெயர். தோல் வெள்ளையாகி விறைத்து, சலம் போகிற வாயையும் சுருக்கிவிடும். இதற்கும் பலமான ஸ்டீரொயிட் கிறீம் கொடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் பெரும்பாலும் முன்தோலை எடுத்துவிடுவதுதான் தீர்வு. ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு, நாற்றத்தோடு நீர் வடிதல் இருந்தால் ஒரு கிழமைகூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆணுறுப்புப் புற்றுநோய் அரிது. வருகிறவர்களில் பலருக்கு நீண்டகாலம் இறுகிக் கிடந்த முன்தோல் இருந்திருக்கிறது. அது உள்ளே ஒளிந்து வளர்வதால்தான் பிந்திக் காண்கிறார்கள்.

வெட்டினால் எத்தனை நாள் படுக்கை? “அந்த” விசயத்தில் குறைந்துவிடுமா?
– எழுதுமட்டுவாள்

படுக்கையே இல்லை. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்கள். முழுக்க எடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. இறுகின இடத்தில் மட்டும் சின்னதாகக் கீறி அகலப்படுத்தித் தைக்கிற முறையும் உண்டு, தழும்பு நோய் இல்லையென்றால் டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். தையல் தானாகக் கரையும். முதல் கிழமை சாரத்தோடு இருங்கள், காற்சட்டையைக் கொடியில் விடுங்கள். விடியப்புறத்தில் தானாக விறைக்கும்போது தையல் சுரீர் என்று இழுக்கும். எழும்பி நாலு அடி நடந்தால் அடங்கும். துவிச்சக்கர வண்டி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். உறவு நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குப் பிறகு. மொட்டு முதலில் கொஞ்ச நாள் துணி பட்டாலே கூசும், பிறகு பழகிவிடும். “அந்த” விசயம் குறைவதாக நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. நோவோடு பயந்து பயந்து இருந்தவருக்கு நோ போனால் என்ன நடக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

சுன்னத்துச் செய்தால் சமயம் மாறின மாதிரி ஆகிவிடாதா? ஆச்சி கேட்கிறா.
– வரணி

குடல்வளரி எடுத்தவர் எந்தச் சமயம் என்று ஆச்சியிடம் கேளுங்கள். முஸ்லிம் சகோதரர்கள் செய்வது மார்க்கக் கடமை. டொக்டர் செய்வது வைத்தியம். கத்திக்குச் சமயம் தெரியாது.

எச்.ஐ.வி. வராதாமே, அதற்காகவே வெட்டிவிடலாமா?
– பளை

தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டாவில் செய்த ஆய்வுகளில் பெண்களிடமிருந்து ஆண்களுக்குத் தொற்றுவது ஏறத்தாழ 60% குறைந்தது உண்மை. அதை வைத்துத்தான் 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, எச்.ஐ.வி. மிகப் பரவலான ஆபிரிக்க நாடுகளுக்கு. பளைக்கு அல்ல. ஆணுறை பார்மசியில் கிடைக்கிறது. தையல் தேவையில்லை.

பிரான்ஸ் ராசா பதினாறாம் லூயிக்கும் இதே பிரச்சினையாம், அதனால்தான் புரட்சியே வந்ததாம். லாச்சப்பலில் ஒரு அண்ணை அடித்துச் சொல்கிறார்.
– பாரிஸ்

லாச்சப்பலில் தேநீர்க் கடை வாசலில் சொல்லப்படுகிற சரித்திரத்தில் இது பரவாயில்லை ரகம். லூயிக்கும் மரி அந்துவனெத்துக்கும் 1770இல் கலியாணம், மாப்பிள்ளைக்கு 15, பெண்ணுக்கு 14. ஏழு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஐரோப்பா முழுக்க அரண்மனைகளில் இதே கதை. 1777இல் அந்துவனெத்தின் அண்ணன், புனித ரோமப் பேரரசர் இரண்டாம் யோசெப், நேரே வந்து மச்சானோடு மனம்விட்டுக் கதைத்தார். அடுத்த வருட முடிவில் குழந்தை பிறந்தது. ராசாவுக்கு முன்தோல் இறுக்கம், சத்திரசிகிச்சை செய்துதான் சரிவந்தது என்ற கதையை 1932இல் ஸ்டெபான் ஸ்வைக் எழுதின வாழ்க்கை வரலாறு உலகம் முழுக்கப் பரப்பியது. சரித்திரக்காரர் பலர் அதை ஏற்பதில்லை. பார்த்த வைத்தியர் கத்தி தேவையில்லை என்றுதான் சொன்னார், ராசாவின் நாட்குறிப்பிலும் வேட்டைக் குதிரையை விட்டு இறங்கின இடைவெளியைக் காணவில்லை. தையலோடு குதிரை ஏறமுடியாது, எழுதுமட்டுவாள் அன்பருக்குச் சைக்கிளே வேண்டாம் என்றிருக்கிறேன்.

புரட்சி வந்தது பாண் விலையால். அண்ணைக்குச் சொல்லுங்கள்.

கலியாணமாகி ஏழு மாதம். அவர் கிட்ட வருவதில்லை. வந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பிவிடுகிறார். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். போன கிழமை உங்கள் ஒரு வரியைப் பார்த்த பிறகு வேறு சந்தேகம்.
– பெயரில்லை

தங்கச்சி, உங்கள் சந்தேகம் சரியாக இருக்க நிறைய இடம் இருக்கிறது. தோல் இறுகினவருக்கு உறவு என்றால் நோ. சிலருக்கு மொட்டுக்கு அடியில் இருக்கிற சின்னத் தோல் இழை இழுபட்டுக் கிழியும், இரத்தம் வரும். இரத்தத்தைக் கண்ட ஆம்பிளை அதற்குப் பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பான். வேலைக் களைப்பு, நாரி நோ, கிரிக்கெட். உங்கள் பேரில் வெறுப்பு என்று அதை எடுக்காதீர்கள்.

கட்டிலில் வைத்துக் கேட்கவேண்டாம். மாமியார் இருக்கிற வீடென்றால் வெளியே போகிற வழியில், மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து கேளுங்கள், முகம் பார்க்காமல் கதைப்பது இருவருக்கும் லேசு. “உங்களுக்கு நோகுதோ?” என்ற ஒரு கேள்வி போதும். ஓம் என்று சொன்னால் டொக்டரிடம் கூடப் போங்கள், இழை கிழிகிற பிரச்சினைக்குச் சின்னச் சத்திரசிகிச்சையே போதும். பிள்ளைப் பாக்கியத்துக்குத் தோல் இறுக்கம் தடையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். அந்தப் பயமும் அவருக்குள் இருக்கும்.

குடும்பமாக வாசிக்கிற பத்திரிகையில் இதையெல்லாம் எழுத வெட்கமாக இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

ஐயா, 1847இல் அமெரிக்காவில் இருந்து வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தின சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பொடியள் படிக்கத் தமிழில் புத்தகமும் போட்டார். உடம்பில் ஒரு உறுப்பையும் விட்டுவிட்டு அங்காதிபாதம் எழுதமுடியாது. அப்போது மானிப்பாய் வெட்கப்படவில்லை.

அதுசரி, பத்தாம் வகுப்பில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் “இதை வீட்டிலை வாசியுங்கோ” என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அது நீங்களா?